மூச்சையே கவனித்துக்கொண்டிருக்கும் பதற்றம்: மூச்சுப் பயிற்சியா, திசைதிருப்பலா, விட்டுவிடுதலா, மருந்தா?

மூச்சு தானாக நடந்துகொண்டிருக்கிறது என்பது நினைவுக்கு வந்த கணத்திலிருந்து அது தானாக நடக்க மறுப்பது போல் தோன்றும் ஒரு தொல்லை உண்டு. படித்துக்கொண்டிருக்கும்போதோ, படுக்கையில் சாய்ந்த பிறகோ, ஒரு கூட்டத்தில் அமைதியாக அமர்ந்திருக்கும்போதோ கவனம் மூச்சின் மீது விழுகிறது. அடுத்த மூச்சை நாமே இழுத்தாக வேண்டும் போலிருக்கிறது. இழுத்தது போதவில்லையோ என்ற ஐயம் எழுகிறது. கொட்டாவி விட்டாவது நெஞ்சு நிறைய ஒரு மூச்சு எடுத்துவிட முடியாதா என்று மனம் தவிக்கிறது. இதில் மாட்டிக்கொண்டவர் வழி கேட்டால் ஒருவர் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார், இன்னொருவர் மூச்சைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்கிறார், மூன்றாமவர் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறார், மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். ஒன்றுக்கொன்று முரணான இந்த அறிவுரைகள் எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவை வெவ்வேறு அச்சங்களுக்கு உரிய பதில்கள். தமக்கு இருப்பது எந்த அச்சம் என்று பார்க்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்வதால்தான் பலர் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்பது என் கணிப்பு.

## தேர்வுக்கு முன்: உடல்நோய் இல்லை என்று ஒருமுறை உறுதி செய்தல்

ஆஸ்துமா, இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவையும் மூச்சைப் பற்றிய உணர்வைக் கூட்டும். படி ஏறினால் மூச்சு வாங்குவது, மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார வேண்டியிருப்பது, இழுப்புச் சத்தம், நெஞ்சு வலி, கால் வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்த ஒப்பீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உதடு நீலம் பாய்வதும், திடீரென்று தொடங்கிய கடுமையான மூச்சுத்திணறலும் அவசர சிகிச்சைக்கு உரியவை. கவனத்தால் வரும் தொல்லையின் போக்கு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும்: சும்மா இருக்கும்போது கூடும், சுவையான பேச்சிலோ விளையாட்டிலோ மூழ்கினால் காணாமல் போகும்.

ஒருமுறை முறையாகப் பரிசோதித்து எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, புதிய அறிகுறி எதுவும் இல்லாமல் அதே பரிசோதனையை வேறொரு மருத்துவரிடம் திரும்பச் செய்துகொள்வது அச்சத்துக்குத் தீனி போடுவதாகவே முடியும்.

## மூச்சு கவனத்தில் சிக்கும் விதம்

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இந்தத் தாளத்தை நடத்துவது மூளைத்தண்டின் முகுளப் பகுதி. அங்கே தாளத்தைப் பிறப்பிக்கும் சிறு நரம்பணுத் தொகுதியை ஆய்வாளர்கள் 1991இல் அடையாளம் கண்டார்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சற்றே ஏறினாலும் முகுளம் மூச்சைக் கூட்டிவிடும். பேசவும் பாடவும் நீருக்குள் மூழ்கவும் வசதியாகப் பெருமூளையும் மூச்சின் மீது ஓரளவு அதிகாரம் செலுத்த முடியும். ஆனால் அந்த அதிகாரம் தற்காலிகமானது. மூச்சை அடக்கிப் பார்ப்பவர் எவ்வளவு பிடிவாதக்காரராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் முகுளம் அவரை மீறி மூச்சை இழுத்துவிடும். கவனிக்க மறந்தால் மூச்சு நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு உடலியலில் இடமில்லை.

ஆனால் கவனிக்கும்போது மூச்சின் போக்கு மாறுவது உண்மை. நோயாளியின் மூச்சை எண்ண வேண்டிய செவிலியர் அதை அவரிடம் சொல்வதில்லை. நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மார்பின் ஏற்ற இறக்கத்தில் வைத்து எண்ணிக்கொள்வார். சொல்லிவிட்டால் எண்ணிக்கையே மாறிவிடும் என்பது அவர்களுக்குப் பயிற்சியிலேயே கற்றுத்தரப்படும் பாடம். ஆகவே கவனத்தின் கீழ் மூச்சு சற்றுக் கோணலாக ஓடுவது எல்லாருக்கும் பொது. அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வதில்தான் தொல்லை தொடங்குகிறது.

அங்கிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. முதல் கிளையில் அச்சம் உடலைப் பற்றியது: மூச்சு முட்டிவிடும், மயங்கி விழுந்துவிடுவோம், உயிர் போய்விடும். இப்படி அஞ்சுபவர் அளவுக்கு மீறி மூச்சு இழுக்கிறார். கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூளைக்குப் போகும் இரத்த நாளங்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு நிறையாதது போலவே இருக்கிறது. இரண்டாவது கிளையில் உயிரச்சம் இல்லை. மூச்சு நிற்காது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இந்தக் கவனம் இனி ஒருநாளும் போகாதோ, வாழ்நாள் முழுவதும் மூச்சை எண்ணிக்கொண்டே கழிக்க வேண்டியதுதானோ என்பதுதான் அவரை வாட்டுகிறது. மனநல மருத்துவர்கள் இதை, வேண்டாத எண்ணமும் அதை அடக்கச் செய்யும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) ஒரு வடிவமாகப் பார்க்கிறார்கள். கண் சிமிட்டுவதிலும் எச்சில் விழுங்குவதிலும் கவனம் ஒட்டிக்கொள்வதும் இதே வகைதான். இரண்டு கிளைகளும் ஒருவரிடமே இருக்கலாம். அப்படியானால் எது மேலோங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நான்கு அளவுகோல்கள் போதும். உடனடி நிம்மதி எவ்வளவு கிடைக்கிறது என்பது முதலாவது. மேற்பார்வை இல்லாமலே மூச்சு நடக்கும் என்ற நம்பிக்கையை அந்த வழி வளர்க்கிறதா, குலைக்கிறதா என்பது இரண்டாவது. அந்த வழியே ஒரு சடங்காகி, அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குத் தள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்பது மூன்றாவது. காலமும் உழைப்பும் பிறர் துணையும் எவ்வளவு தேவை என்பது கடைசி. தவிப்பில் இருப்பவர் இயல்பாகவே முதல் அளவுகோலுக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிடுவார். இரண்டாவதற்குத்தான் நான் மிகுந்த எடை கொடுக்கிறேன். கீழே வரும் தீர்ப்புகளைப் படிக்கும்போது அந்தச் சாய்வை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

## மூச்சுப் பயிற்சி

எளிதில் கிடைக்கும் வழி இது. எளிதில் பிழையாகச் செய்யப்படுவதும் இதுவே. மூக்கு வழியாக 4 விநாடி உள்ளிழுத்து 6 விநாடி வெளிவிட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கு வரும். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவதால் உடலின் பரபரப்பும் குறைகிறது. முதல் கிளையினருக்கு, அதிலும் விரல் மரத்துத் தலை சுற்றும் அளவுக்கு மூச்சை வாரி இழுப்பவருக்கு, இதில் உண்மையான பயன் உண்டு.

பிழை நேர்வது ‘நன்றாக ஆழமாக மூச்சு இழு’ என்ற பழக்கப்பட்ட அறிவுரையில். ஏற்கெனவே மிகையாக இழுத்துக் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துக்கொண்டவரை இன்னும் ஆழமாக இழுக்கச் சொன்னால் கிறுகிறுப்பு கூடவே செய்யும். தேவைப்படுவது மெதுவான, சிறிய, ஏறத்தாழ சோம்பலான மூச்சு. காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சுவிடும் பழைய உத்தியை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. ஆஸ்துமாவையோ மாரடைப்பையோ பதற்றம் என்று தவறாக எண்ணி அதைச் செய்தால் ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகிவிடும்.

மறைந்திருக்கும் விலை இரண்டாவது அளவுகோலில் தெரிய வரும். மூச்சைத் திருத்தியதால்தான் தப்பித்தேன் என்று மனம் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்கிறது. திருத்தாவிட்டாலும் அந்த அலை தானாக அடங்கியிருக்கும் என்று அறியும் வாய்ப்பு கைநழுவுகிறது. திடீர் திடீரென்று கடும் அச்சம் தாக்கும் பீதி நோய்க்கு, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை மூச்சுப் பயிற்சியோடும் அது இல்லாமலும் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுப் பயிற்சியைச் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. இரண்டாவது கிளையினருக்கோ இது பெரும்பாலும் கேடுதான். மூச்சைக் கவனிப்பதே தொல்லையாக இருப்பவரிடம் எண்ணிக்கையையும் கொடுத்து உட்காரவைத்தால் அவர் இன்னும் திறமையாகக் கவனிக்கக் கற்றுக்கொள்வார். மூச்சை மையமாக வைத்த தியானத்தில் அமர்ந்த பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்று சொல்பவர்களும் உண்டு. தியானத்தை விட மனமில்லை என்றால் கவனத்தின் இருப்பிடத்தை உள்ளங்காலுக்கோ சுற்றுப்புற ஒலிக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

## கவனத்தைத் திருப்புதல்

பாட்டுக் கேட்பது, தொலைபேசியை எடுப்பது, யாரிடமாவது பேசப் போவது ஆகியவை இந்த வகை. உடனடி நிம்மதியில் இதற்கு நல்ல மதிப்பெண் உண்டு, செலவும் இல்லை. பேச்சின் சுவாரசியத்தில் அரை மணி நேரம் மூச்சை மறந்திருந்த பிறகு, ‘அதுவரை யார் மூச்சு விட்டார்கள்?’ என்று கேட்டுக்கொண்டால் அது ஒரு நல்ல சான்றாகவும் அமையும்.

ஆனால் மூச்சை நினைக்கக் கூடாது என்ற கட்டளையோடு செய்யப்படும் திசைதிருப்பல் தன்னையே தோற்கடித்துக்கொள்ளும். வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் அதை மீண்டும் மீண்டும் நினைத்ததை உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் காட்டினார்கள். நினைப்பு போய்விட்டதா என்று சரிபார்ப்பதற்கே அதை நினைத்தாக வேண்டியிருக்கிறது. ‘இப்போது மூச்சைக் கவனிக்கிறேனா?’ என்ற கேள்வியும் அப்படித்தான். கேட்ட மாத்திரத்தில் ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு விடை கிடையாது.

இன்னொரு விலை மெல்ல ஏறும். சத்தமில்லாத அறை, தனிமை, உறங்கும் முன் வரும் இருட்டு ஆகியவை தவிர்க்க வேண்டிய இடங்களாகிவிடும். காதில் ஏதாவது ஒலித்துக்கொண்டிருந்தால்தான் தூக்கம் வரும் என்றாகிவிடும். முக்கியமான பேச்சோ தேர்வோ வண்டி ஓட்டுவதோ நடுவில் இருக்க, இப்போதைக்குச் சமாளித்தால் போதும் என்ற நிலையில் திசைதிருப்பல் தக்கது. அன்றாட மருந்தாக்கிக்கொள்ளத் தகுந்ததன்று.

## கவனத்தைப் பழக்குதல்

திசைதிருப்பலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் 1990இல் முன்வைத்த கவனப் பயிற்சியில், பதற்றம் இல்லாத நேரத்தில் ஏறத்தாழ 12 நிமிடம் ஒலிகளை மட்டும் கேட்க வேண்டும்: முதலில் பல ஒலிகளில் ஒன்றை மட்டும், பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி, கடைசியாக எல்லாவற்றையும் ஒருசேர. மின்விசிறியின் உறுமல், தெருவில் போகும் வண்டி, அடுத்த அறையில் பேச்சு, கடிகாரம் என்று இருக்கும் ஒலிகளே போதும். இடையில் மூச்சு நினைவுக்கு வந்தால் அதையும் அறையிலுள்ள இன்னொரு ஓசையாகக் கருதி விட்டுவிடலாம். கவனத்தை எங்கே வைப்பது என்பது தன் கையில் இருக்கிறது என்று மெல்லத் தெரியவருவதே இதன் பயன். உடனடி நிம்மதி இதில் கிடைக்காது. பீதி வரும்போது இதை ஓடி ஓடிச் செய்தால் இதுவும் சடங்காகிவிடும்.

## இருக்கட்டும் என்று விடுதல்

இரண்டாவது கிளையினருக்கு என் முதல் பரிந்துரை இதுவே. முதல் கிளையினரையும் நீண்ட காலத்தில் இங்கேதான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எண்ணச் சுழற்சிக்கு உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் விவரித்த முறையிலிருந்து வளர்ந்ததே எதிர்கொள்ளலும் எதிர்வினைத் தடுப்பும் என்ற சிகிச்சை. அச்சமூட்டுவதை வேண்டுமென்றே அருகில் வரவழைக்க வேண்டும். வழக்கமாகச் செய்யும் சமாளிப்பைச் செய்யாமல் இருக்க வேண்டும்.

நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்க்கலாம். தினமும் ஒரு நேரம் குறித்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து, மூச்சை வேண்டுமென்றே கவனத்துக்குள் அழைக்க வேண்டும். மூக்கு நுனியில் காற்று குளிர்வது, வயிறு எழுவது, அடுத்த மூச்சு வருவதற்கு முன் உள்ள சிறு இடைவெளி எல்லாம் தெரியட்டும். அந்த இடைவெளியில்தான் கை பரபரக்கும்: இப்போது இழுத்துவிட வேண்டும் போலிருக்கும். அங்கே எதுவும் செய்யாமல் காத்திருப்பதே பயிற்சி. மூச்சைப் பிடித்தும் வைக்க வேண்டாம், தள்ளியும் விட வேண்டாம். அது வரும்போது வரட்டும். பெருமூச்சு விட்டு நெஞ்சை நிறைத்துக்கொள்ளும் ஆசை வந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டும். (உடல் தானாகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெருமூச்சு விட்டு நுரையீரலின் சிற்றறைகளை விரித்துக்கொள்கிறது, அது பாட்டுக்கு வரும் பெருமூச்சைத் தடுக்கத் தேவையில்லை.) கூடவே, ‘இந்தக் கவனம் போகாமலே இருந்துவிடலாம்’ என்ற வாக்கியத்தை மறுப்பு சொல்லாமல் மனத்தில் நிற்கவிட வேண்டும். சிறிது நேரத்தில் இது சலித்துப்போகும். அந்தச் சலிப்பைத்தான் வரவேற்க வேண்டும்.

பயிற்சி நேரத்துக்கு வெளியே விதி இன்னும் எளிது: மூச்சு கவனத்தில் இருந்தாலும், செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர வேண்டும். கவனம் போன பிறகு படிக்கலாம், பேசலாம், தூங்கலாம் என்று ஒத்திப்போடுவதை நிறுத்தும்போதுதான் மூச்சின் முக்கியத்துவம் குறையத் தொடங்குகிறது.

விலை உண்டு. தொடக்கத்தில் பதற்றம் கூடும். முதல் வாரங்களில் நிலைமை மோசமாகிவிட்டதாகவே தோன்றும், பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இதைவிட மறைவான பள்ளம் ஒன்றும் இருக்கிறது: கவனத்தை விரட்டுவதற்காகவே ஏற்றுக்கொள்வதாகப் பாவனை செய்வது. ‘விட்டுவிட்டேன், இன்னும் ஏன் போகவில்லை?’ என்று கேட்பவர் விடவில்லை. தனியே செய்து இந்தப் பள்ளத்தில் விழுந்தவருக்கு, பயிற்சி பெற்ற உளவியல் சிகிச்சையாளர் ஒருவரின் துணை பெரும் வேறுபாட்டைத் தரும். ஆஸ்துமா, இதய நோய் போன்றவை உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்துகொண்டே தொடங்க வேண்டும்.

## அளந்து பார்த்துக்கொள்ளுதல்

யாரும் பரிந்துரைக்காத, ஆனால் பெரும்பாலோர் கையாளும் வழி இது. இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி 98 என்று பார்த்தால் நிம்மதி வரும். அது சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். அளவுக்கு மீறி மூச்சு விடுபவருக்கும் அந்தக் கருவி இயல்பான எண்ணையே காட்டும் என்பதால் அவருடைய தவிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இணையத்தில் தேடுவதும் இந்த வகைதான். தூக்கத்தில் மூச்சு தளரும் ஓர் அரிய பிறவிக் கோளாறு அங்கே கண்ணில் பட்டு, பலருடைய இரவுகளைக் கெடுக்கிறது. அது மரபணு மாற்றத்தால் வருவது, பெரும்பாலும் பிறந்த சில நாட்களிலேயே தெரிந்துவிடுவது, கவனிப்பதால் வருவதன்று. அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொதுவாக மூச்சு முட்டும் உணர்வே எழுவதில்லை. நுரையீரல் நோய் உள்ளவருக்கு மருத்துவர் சொல்லியிருந்தாலொழிய கருவியை எட்டாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

## மருந்து

மருந்து என்றாலே தோல்வி என்று எண்ணுவோருக்கும், மாத்திரை ஒன்று போதும் என்று எண்ணுவோருக்கும் இடையில்தான் உண்மை இருக்கிறது. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளுவோக்ஸெடின் போன்ற செரோடோனின் சார்ந்த மருந்துகள் பீதிக்கும் எண்ணச் சுழற்சிக்கும் பயன்படுகின்றன. பதற்ற நோய்களில் பலன் தெரிய 4 முதல் 6 வாரங்களும், எண்ணச் சுழற்சியில் 8 முதல் 12 வாரங்களும் ஆகலாம். எண்ணச் சுழற்சிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். தொடங்கிய ஓரிரு வாரங்களில் படபடப்பு சற்றுக் கூடக்கூடும். இந்தத் தொல்லை உள்ளவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டிய பக்க விளைவு ஒன்று உண்டு: இம்மருந்துகளால் சிலருக்குக் கொட்டாவி அடிக்கடி வரும். அதைத் தெரிந்துகொள்ளாதவர் மூச்சு போதாமல்தான் கொட்டாவி வருகிறது என்று முடிவுகட்டி மருந்தையே நிறுத்திவிடுவார். குமட்டல், பாலுணர்வுக் குறைவு ஆகியவையும் நேரலாம். திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அல்பிரஸோலம், குளோனஸெபாம் போன்றவை சீக்கிரம் அமைதி தரும்; முதல் அளவுகோலில் இவற்றை வெல்ல எதுவுமில்லை. சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும் ஆபத்தும், மதுவுடனோ ஓபியாய்டு வலிநிவாரணிகளுடனோ சேர்ந்தால் மூச்சையே மட்டுப்படுத்தும் ஆபத்தும் இவற்றுக்கு உண்டு. படபடப்புக்குத் தரப்படும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும் என்பதால் அந்த வரலாற்றை மருத்துவரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

சாப்பாடு, தூக்கம், வேலை ஆகியவை குலைந்துவிட்டவருக்கும், மனச்சோர்வு சேர்ந்துகொண்டவருக்கும், பதற்றம் மிகுதியாகி விட்டுவிடும் பயிற்சியில் உட்காரவே முடியாதவருக்கும் மருந்தை முன்னால் வைப்பதே சரி. இனி வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மற்ற ஒப்பீடுகளுக்கு நேரமில்லை. அன்றே மருத்துவ உதவி தேட வேண்டும்.

## இரவில் மட்டும் வருபவருக்கும், சிகிச்சையாளரைத் தேடுபவருக்கும்

படுக்கையில் மட்டும் தொல்லைப்படுபவர்கள் தனியே கேட்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு அச்சங்களோடு தூக்கம் கெட்டுவிடும் என்ற மூன்றாவதும் சேர்ந்திருக்கிறது. தூங்குவதற்காக மூச்சை ஒழுங்குபடுத்துவதைக் கைவிட்டு, மூச்சு தெரிந்துகொண்டே விழித்துக் கிடக்கவும் சம்மதிப்பதுதான் அங்கே பலன் தருகிறது. தூங்கியே ஆக வேண்டும் என்ற கெடு நீங்கினால் தூக்கம் பெரும்பாலும் தானே வந்துவிடுகிறது. நெடுநேரம் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து எதையாவது படித்துவிட்டு, உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்பலாம். குறட்டையும், திணறி விழிப்பதும், பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனை தேவை.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுப்பவர் முதல் சந்திப்பிலேயே ஒன்றைக் கேட்டுவிடலாம்: உடலுணர்வில் கவனம் ஒட்டிக்கொள்ளும் எண்ணச் சுழற்சிக்கு எதிர்கொள்ளல் முறையில் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா? இரண்டாவது கிளையைச் சேர்ந்தவரிடம் எடுத்த எடுப்பிலேயே மூச்சுப் பயிற்சித் தாளை நீட்டினால், உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் தமக்கில்லை, மூச்சை விடாமல் கவனிப்பதே தொல்லை என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகும் அணுகுமுறை மாறவில்லை என்றால் வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை.